குருபோங் காட்டில் அம்மாவுக்குப் போட்ட இலை

நான் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் நான் ஓடக்கூட இல்லை, நடந்துதான் போனேன். ஜப்பான்காரன் காலத்தில் ஓடுகிற ஆளைக் கண்டால் சாவடியில் நிற்பவன் துப்பாக்கியைத் தூக்கிவிடுவான். அதனால் ஒரு காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மரவள்ளி பிடுங்கப் போகிறவளைப் போல, மலாக்காவில் காஜா பேராங்கிலிருந்து குருபோங் பக்கத்துக் காட்டுக்குப் பட்டப்பகலில் ஆடி அசைந்து போனேன். சொந்தக்காரப் பெண்கள் இன்றைக்கும் என்னை ஓடிப்போனவள் என்றுதான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்களில் ஒருத்திக்கும் அவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடக்கக் காலில் தெம்பு கிடையாது.

அப்பா மாட்டுவண்டிக்காரர். காஜா பேராங்கில் எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. பாதியில் மாடு, பாதியில் நாங்கள். யுத்தம் வருவதற்குச் சற்று முன்னால் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அதன்பிறகு அப்பா என்னோடு பேசியதைவிட மாட்டோடு பேசியதுதான் அதிகம். லாரிகளையெல்லாம் ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டுவிட்டதால் ஊரில் மாட்டுவண்டிக்கு ஏகப்பட்ட கிராக்கி. விறகு, மரவள்ளி, உப்பு என்று அப்பா எதையாவது இழுத்துக்கொண்டே இருந்தார். நான் புல் அறுப்பேன், சாணி அள்ளுவேன், மூட்டை இறக்கும்போது கூட நிற்பேன்.

அப்படி மூட்டை இறக்கும் இடத்தில்தான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். எங்கள் கொட்டகைக்குப் பக்கத்திலேயே கம்போங் செட்டி. அங்கே இருக்கிற மலாக்காச் செட்டிகளைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். எந்தக் காலத்திலோ நம் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து இங்கேயே பெண் கட்டிக் குடியேறியவர்களின் வம்சம். சாமி நம்முடைய சாமி, நெற்றியில் திருநீறு, பேச்சு மட்டும் மலாய். பெண்கள் சேலைக்குப் பதில் மலாய்க்காரிகளைப் போல சாரோங்கும் கெபாயா என்கிற சட்டையும் உடுத்துவார்கள். அவர்களில் ஒருவரான இவர், வெள்ளைக்காரன் இருந்தவரை ஓர் ஆபீஸில் எழுதிக்கொண்டிருந்தார். ஆபீஸ் போனபிறகு, விதவைத் தாயாரும் இவருமாகக் குருபோங்குக்கு அப்பால் காட்டோரத்தில் கொஞ்சம் இடத்தை வெட்டி மரவள்ளி போட்டிருந்தார்கள். அதை மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவது அப்பாவின் வண்டி.

பேனா பிடித்த மனுஷருக்கு மாடு என்றால் பயம். வண்டியின் பின்பக்கம் போக வேண்டுமென்றால் மாட்டுக்கு முன்னால் போகமாட்டார். தெருவைக் கடந்து, சாக்கடையைத் தாண்டி, ஊரைச் சுற்றிக்கொண்டு வருவார். ஒருநாள் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளாமல், அது எந்தப் பக்கம் முட்டும் என்று மலாயில் கேட்டார். உங்களைப் போன்ற ஆளாக இருந்தால் இரண்டு பக்கமும் முட்டும் என்றேன். அவரும் சிரித்தார். அதற்குமேல் நான் விவரிக்கப்போவதில்லை. பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான்.

அப்பாவுக்கும் அவரைப் பிடிக்கும். அதுதான் வேடிக்கை. மூட்டை ஏற்றி முடித்துவிட்டு இரண்டு பேரும் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு மழை, காட்டுப்பன்றி, மரவள்ளி என்று மலாயில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஆனால் கல்யாணப் பேச்சை நான் எடுத்ததும் அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது.

"தமிழ் பேசத் தெரியாத மாப்பிள்ளகிட்ட நான் என்னத்தப் பேசுறது?"

இத்தனை நாளாக என்ன பேசினீர்களாம் என்று நானும் சும்மா இராமல் கேட்டேன். அவர் மாட்டுக்குப் புல் போடப் போய்விட்டார். செங் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த அத்தை மகனை ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். அவன் வீட்டோடு மாப்பிள்ளையாக வரச் சம்மதித்திருந்தான். நல்லவன்தான், உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காத நல்லவன். வீட்டோடு என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அப்பா அவனைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அம்மாவும் இல்லாமல் நானும் போய்விட்டால், அந்தக் கொட்டகையில் அவருக்கு மாடு மட்டும்தானே மிச்சம். அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நான் வேறுவிதமாகப் பேசியிருப்பேன். அப்பா சொன்னது வேறு.

"அவன்கூடப் போனேன்னு வெச்சுக்க, நீ செத்துட்டேன்னு நெனச்சு ஆத்துல தலமுழுகிட்டு வந்துருவேன்."

சாவு வீட்டுக்குப் போனால் தலை முழுகுகிறோம். உயிரோடு இருக்கிற பிள்ளைக்காக ஒருவன் தலை முழுகினால், அதோடு சரி. பிறகு அந்தப் பிள்ளை வாசலில் வந்து நின்றாலும் யாரோ எவரோதான். கோபத்தில் பலரும் சொல்கிற பேச்சு இது, எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் அப்பா சொன்னால் செய்கிறவர். ஒருமுறை சிற்றப்பாவோடு சண்டை வந்து, இனி உன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். சிற்றப்பா செத்தபோது சவத்தைத் தெருமுனைக்குக் கொண்டுவரும்வரை அங்கேயே வெயிலில் நின்றார். வாசலை மிதிக்கவில்லை.

அப்பா தலை முழுகிவிடுவாரோ என்ற ஒன்றுதான் என் பயம். ஜப்பான்காரன், பசி, குண்டு எதுவும் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. அவரும் வேண்டும், அப்பாவும் வேண்டும். ஒருவரை விட்டால்தான் இன்னொருவர் என்று ஆகிப்போனதில் எனக்கு எல்லார்மேலும் எரிச்சலாக வந்தது.

காத்திருக்கலாம் என்றுதான் நினைத்தோம். அந்தச் சமயம் பார்த்து சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். தோட்டத்தில் பிடித்தார்கள், தெருவில் பிடித்தார்கள். கல்யாணமான ஆண்களை விட்டுவிடுகிறார்களாம் என்று ஒரு பேச்சு ஊருக்குள் பரவியது. அது சுத்தப் பொய் என்று பிறகு தெரிந்தது. பிள்ளைகுட்டிக்காரர்களையும்தான் வாரிக்கொண்டு போனார்கள். ஆனால் ஒரே மகனை வைத்திருந்த தாய்க்கு அந்தப் பொய்யே போதுமானதாக இருந்தது. உடனே கல்யாணம் என்று என் மாமியார் ஒற்றைக் காலில் நின்றார்.

எங்கே வைப்பது? ஜாலான் துக்காங் எமாஸில் பிள்ளையார் கோயில் இருக்கிறது. ஆனால் அந்தத் தெருவில்தான் வண்டிக்காரர்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்கள். மாலையை எடுத்து முடிப்பதற்குள் அப்பாவுக்குச் சேதி போய்விடும். கம்போங் செட்டியில் வைத்தால், அப்பா எங்கள் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தாலே போதும். நாலு பேர் கூடினால் ஜப்பான்காரன் வேறு வந்து கேட்பான். கடைசியில் மாமியார்தான் காட்டைச் சொன்னார். மரவள்ளிக் கொல்லைக்குப் பின்னால் ஓடை இருக்கிறது, மூங்கில் இருக்கிறது, யாரும் வருவதில்லை. சாமிக்கு எல்லா இடமும் ஒன்றுதான் என்றார்.

அன்று காலை அப்பா வண்டியைக் கட்டிக்கொண்டு துறைமுகப் பக்கம் போனபின், அம்மாவின் பெட்டியைத் திறந்து அவளுடைய அரக்குச் சேலையை எடுத்தேன். எங்களிடம் இருந்த ஒரே நல்ல துணி அதுதான். மூட்டையாகக் கட்டிப்போனால், அரிசி கடத்துகிறாயா என்று சாவடியில் பிரித்துக் கொட்டுவார்கள். அதனால் உடம்பில் சுற்றிக்கொண்டு, மேலே அப்பாவின் பழைய சட்டையைப் போட்டேன், அதற்குமேல் ஒரு சாக்குத்துணியையும் போர்த்தினேன். சாவடியில் குனிந்து வணங்கினேன். அவன் என்னைப் பார்த்து மூக்கைச் சுளித்தான். கல்யாணப் பெண்ணுக்கு அன்று கிடைத்த முதல் மரியாதை அதுதான்.

ரப்பர் காட்டைத் தாண்டி, பெலுக்கார் என்று இங்கே சொல்கிற புதர்க்காட்டுக்குள் நுழைந்ததும் வழி தவறிவிட்டது. ரோத்தான் கொடி தெரியுமல்லவா, பிரம்பு நாற்காலி செய்கிற கொடி. அதன் முள் பிடித்தால் விடாது. சட்டைக்கு வெளியே நழுவியிருந்த முந்தானையைப் பிடித்துக்கொண்டது. நான் பொறுமையாக எடுத்திருக்க வேண்டும். எனக்கும் பொறுமைக்கும் என்றைக்கு ஒத்துப்போனது? ஒரே இழு. முந்தானை கிழிந்து தொங்கியது. அட்டைக் கடியில் கணுக்காலிலிருந்து ரத்தம் வடிந்து சேலையின் கரையெல்லாம் ஆகிவிட்டது. அம்மாவின் சேலையை இப்படிப் பண்ணிவிட்டேனே என்று அங்கேயே நின்று அழுதேன்.

கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே மாப்பிள்ளை முழங்கால்வரை மண்ணோடு சங்குல் என்கிற மண்வெட்டியைப் பிடித்து வெட்டிக்கொண்டிருந்தார். விஷயம் இதுதான்: மாமியார் தன்னுடைய தாலியைச் சோதனைக்குப் பயந்து ஒரு மரவள்ளிச் செடிக்கு அடியில் புதைத்து வைத்திருந்தார். எந்தச் செடி என்பதுதான் மறந்துபோயிற்று. மரவள்ளியில் ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும் என்ன வித்தியாசம்? இது இல்லை, அது என்று தாயார் கைகாட்ட, மகன் வெட்ட, பாதிக் கொல்லை தலைகீழாகக் கிடந்தது. நம் கல்யாணத்தில் விருந்துக்குக் குறைவிருக்காது என்று மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சொன்னார். அழுதுகொண்டு வந்தவள் சிரித்துவிட்டேன். தாலி கடைசியில் ஒரு வெற்றிலைப் பெட்டியோடு கிடைத்தது.

தாலி கிடைத்ததும் கட்டிவிட வேண்டியதுதானே என்று நினைத்தேன். மாமியார் விடவில்லை. அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். எந்த நல்ல காரியமானாலும் முதலில் செத்துப்போனவர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட வேண்டும். அவர்கள் சாப்பிட்டு முடித்தால்தான் உயிரோடு இருக்கிறவர்களின் காரியம். எங்கள் பக்கத்திலும் செத்தவர்களுக்குப் படைக்கிறோம். ஆனால் அதற்கென்று நாள் இருக்கிறது, வீட்டுச் சுவரோரம் இடம் இருக்கிறது. கல்யாணத்தன்று காட்டில் இலை போட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

மாமியார் வாழை இலையை ஓடையில் கழுவி மூங்கிலுக்கு முன்னால் போட்டார். ஒன்று அவருடைய கணவருக்கும் அவர்கள் முன்னோருக்கும். பிறகு இன்னொன்றையும் போட்டார். யாருக்கு என்று கேட்டேன். உன் அம்மாவுக்கு, பெண்ணைப் பெற்றவளைக் கூப்பிடாமல் கல்யாணமா என்றார். அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். சுட்ட கருவாடும் பச்சை மிளகாயும் என்றேன். சொன்ன பிறகுதான், கல்யாணத்தன்று கருவாடா என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். விருந்தாளிக்குப் பிடித்ததைத்தானே போட வேண்டும் என்று சொல்லி, தன் கூடையிலிருந்து ஒரு கருவாட்டை எடுத்துத் தணலில் போட்டார். எங்கோ பதுக்கி வைத்திருந்த கைப்பிடி அரிசியில் வடித்த சோற்றை இரண்டு இலைக்கும் பங்கிட்டு வைத்தார். மரவள்ளிதான் மற்றதெல்லாம். கொட்டாங்கச்சியில் எண்ணெய் விட்டு விளக்கேற்றிச் சாம்பிராணி போட்டார்.

கிழிந்த சேலையோடு என்னை மணையில் உட்காரவிட அவருக்கு மனமில்லை. அவர் கல்யாணத்துக்கு உடுத்திய கெபாயாவைக் கொண்டுவந்திருந்தார். அதை எனக்கு உடுத்திவிட்டார். அம்மாவின் சேலையை மடித்து, கிழிந்த முந்தானை மேலே தெரிய, அம்மாவின் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். அவளுடைய பொருள் ஒன்று அவள் பக்கத்தில் இருக்கட்டும் என்றார். பிறகு எங்கள் இருவரையும் மூங்கில் புதருக்குப் பின்னால் கூட்டிப்போய், இலைக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். அவர்கள் சாப்பிடும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. பார்த்தால் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். என் குணம் அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது போலும், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அப்படி நின்றுகொண்டிருக்கும்போதுதான் எங்கள் மாட்டின் மணிச்சத்தம் கேட்டது.

நடந்தது இதுதான். துறைமுகப் பாதையை அன்று அடைத்துவிட்டதால் அப்பா பாதி வழியிலேயே வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். பெட்டி திறந்து கிடக்கிறது, சேலையைக் காணோம், என்னையும் காணோம். கம்போங் செட்டியில் அவர்கள் வீடும் பூட்டியிருக்கிறது. கொல்லை இருக்கும் இடம் அப்பாவுக்குத் தெரியாததா? வண்டியை அங்கே விட்டிருக்கிறார்.

மணிச்சத்தம் நின்றது. அப்பா கொல்லைக்குள் நடந்து வருவது கேட்டது. 'அம்மாடி' என்று என்னைக் கூப்பிட்டார். வீட்டில் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டார், கோபமாகக்கூட இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. மாமியாரின் பிடி இறுகியது. இன்னும் கொஞ்சம் நடந்தார். பிறகு காலடிச் சத்தம் நின்றுபோயிற்று.

அதற்குப்பிறகு வந்த சத்தத்தை அதற்குமுன் ஒரே ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன். அம்மா போன அன்று.

பாதிக் கொல்லை குழி குழியாகத் தோண்டிக் கிடக்கிறது. ஓர் ஆளைக் காணோம். தரையில் செத்தவர்களுக்குப் போடுகிற இலை. பக்கத்தில் காலையில் மகள் உடுத்திப்போன சேலை, முந்தானை கிழிந்து, கரையில் ரத்தத்தோடு. அந்தக் காலத்தில் தனியாகக் காட்டுக்குப் போன பெண்ணைப் பற்றி ஒரு தகப்பன் வேறு என்ன நினைப்பான்? அவரை யாரும் குறை சொல்ல முடியாது. கல்யாணம் நடக்கப்போகிற இடம் என்று அதைப் பார்த்துச் சொல்ல கம்போங் செட்டியில் பிறந்த ஒருவரால்தான் முடியும்.

"செத்துட்டேன்னு நெனச்சுக்குவேன்னு சொன்னனே தாயி. என் வாயாலதானே சொன்னேன். நெசமாவே போயிட்டியே."

அப்பா திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தலையில் அடித்துக்கொள்வதும் கேட்டது. திரும்பினால் அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவாள். திரும்பாவிட்டால் அப்பா அங்கேயே செத்துவிடுவார் போலிருந்தது. என் மாமியார் வழக்கத்தில் எள்ளளவும் விட்டுக்கொடுக்காதவர். பிறகு அவரோடு வாழ்ந்த காலமெல்லாம் அதற்காகவே நான் சண்டை போட்டிருக்கிறேன். அவருக்கு அப்பா சொன்னதில் ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனால் என் மணிக்கட்டை விட்டுவிட்டார்.

"பெர்கி, நாக். மெரேக்கா போலே துங்கு," என்றார். போ மகளே, அவர்கள் காத்திருப்பார்கள்.

நான் மூங்கிலைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். ஓடிப்போனவள் என்று என்னைச் சொல்கிறார்களே, அன்றைக்கு நான் ஓடியது அந்த ஓர் இடத்தில்தான். கெபாயா போட்ட ஒருத்தி புதரிலிருந்து வருவதைப் பார்த்து, யாரோ என்பது போல அப்பா விழித்தார். 'நான்தாம்பா' என்றேன். நம்பவில்லை. மாட்டுக்கு நோவு என்றால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி என்னைப் பார்த்தார். முகத்தைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார், கண் இமையைக் கீழே இழுத்தார், கைகளை அழுத்தினார், குனிந்து கணுக்காலில் அட்டை கடித்த இடத்தைத் துடைத்துப் பார்த்தார். முழுசாக இருக்கிறேன் என்று தெரிந்ததும்தான் அவருக்குக் கோபம் வந்தது.

யாருக்கு இந்த இலை என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"அம்மாவுக்குப்பா. பொண்ணப் பெத்தவள மொதல்ல கூப்பிடணும்னு அவங்க அம்மாதான் போட்டாங்க."

அப்பா இலையைப் பார்த்தார். கருவாட்டையும் பக்கத்தில் இருந்த பச்சை மிளகாயையும் வெகுநேரம் பார்த்தார். அம்மா இருந்தவரை எங்கள் வீட்டில் கருவாடு சுடாத வாரம் கிடையாது. அவள் போனபிறகு நாங்கள் இருவருமே அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

இந்த நேரத்தில்தான் என் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று ஒரே ஒரு தமிழ் வாக்கியத்தை என்னிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தார். கையில் மண்ணோடு நேராக நின்று அதைச் சொன்னார்.

"மாமா, ஒங்க மகள நான் நல்லா வெச்சுக்குவேன்."

பிசகில்லாமல் சொன்னார். சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியம் இல்லாததால் அப்படியே நின்றார். அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு ஓடையை நோக்கி நடந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் நடுங்குகிறாய் என்று கேட்டார். அவர் தலையைத் தண்ணீரில் முக்கினால் நான் அவருக்கு மகள் இல்லை என்று மலாயில் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மூன்று பேரும் அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் வேட்டியை மடித்துக் கட்டித் தண்ணீரில் இறங்கினார். குனிந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீர் சலசலப்பது கேட்டது. மூழ்கி எழுகிற சத்தமா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா, நீ வந்திருந்தால் அவரைத் தடுத்துவிடு என்று வேண்டிக்கொண்டேன். வேறு யாரிடம் கேட்பது?

கண்ணைத் திறந்தபோது அப்பா கரையேறி வந்துகொண்டிருந்தார். கால் நனைந்திருந்தது, கை நனைந்திருந்தது, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். தலைமுடியில் வண்டிப்பாதைத் தூசி அப்படியே இருந்தது. சாப்பிட உட்காருகிற மனுஷன் கைகால் கழுவிக்கொண்டு வருவது போல வந்தார்.

வந்தவர் என் மாமியாரைப் பார்த்து, தன் மனைவி சாப்பிட்டாயிற்றா என்று மலாயில் கேட்டார். என் மாமியாருக்குப் பொய் வராது. இப்போதுதான் உட்கார்ந்தார்கள், அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள் என்றார். அப்பா தலையாட்டினார். அப்படியானால் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே மூங்கிலுக்குப் பின்னால் போய் எங்களோடு முதுகைக் காட்டி நின்றார். நான்கு பேரும் வரிசையாக நின்றோம். மாமியார் இந்தமுறை யார் கையையும் பிடிக்கவில்லை. அப்பாதான் என் கையைப் பிடித்திருந்தார். அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

மாமியார் செருமியதும் திரும்பினோம். அப்பா அம்மாவின் இலைக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, கருவாட்டில் பாதியைப் பிய்த்துத் தின்றார். மீதியை என் பக்கம் தள்ளினார். நன்றாகச் சுட்டிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னார். பிறகு திரும்பி, இன்னும் கையில் மண்ணோடு நின்றுகொண்டிருந்தவரிடம் மலாயில் பேசினார். சக்கரத்தில் சாய்ந்துகொண்டு எத்தனையோ நாள் பேசிய அதே குரலில்தான்.

"சப்பாட் லா. லெம்பு தாக் போலே துங்கு லாமா."

சீக்கிரம் ஆகட்டும், மாடு வெகுநேரம் நிற்காது என்று அர்த்தம்.

கிழிந்தால் கிழிந்துவிட்டுப் போகட்டும் என்று கெபாயாவுக்கு மேலேயே அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டேன். மாமியாரே கொசுவத்தைச் சரிசெய்துவிட்டார். மாப்பிள்ளை கைகழுவி வந்து தாலியைக் கையில் எடுத்தார். அப்போதுதான் தூவுவதற்கு அட்சதை இல்லை என்பது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. இருந்த அரிசி மொத்தமும் சோறாகி இலைக்குப் போயிருந்தது. மாமியார் கையைப் பிசைந்தார். அப்பா எழுந்து வண்டிக்குப் போனார். மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டுச் சாக்கில் கைவிட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தார். அந்த நாளில் மனிதர்களே தவிட்டைப் பிசைந்து தின்றுகொண்டிருந்தார்கள், அதனால் அது ஒன்றும் குறைந்த பொருள் இல்லை. தாலி கழுத்தில் ஏறியதும் எங்கள் இருவர் தலையிலும் அதைத் தூவினார். தூவும்போது அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

வண்டியிலேயே கம்போங் செட்டியில் அவர்கள் வீட்டுக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் ஏறும்போது மாட்டைச் சுற்றிக்கொண்டு காட்டுவழியாகப் போய் ஏறினார், அப்பா பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். வியர்வையில் தவிடு ஊறி, காஜா பேராங் வந்து சேருகிறவரை தலையெல்லாம் அரித்தது. போய்க் குளி என்று மாமியார் தண்ணீர் இறைத்து வைத்தார். நான் கைகால் கழுவிக்கொண்டேன். அன்றைக்கு நான் தலைக்குக் குளிக்கவில்லை.